முதல் மூன்று ஆட்டம் விட்டுக்கொடுங்கள்

இந்த விளையாட்டுச் சாமான் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியின் மூலையில் அச்சடித்திருக்கும் வயதை நம்பாதீர்கள். எட்டு முதல் என்று போட்டிருப்பார்கள். எந்த வீட்டு எட்டு? தோற்றால் சுவரில் முட்டிக்கொள்ளும் எட்டா, தங்கைக்காகச் சிரித்துக்கொண்டே தோற்கும் எட்டா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு காயை நகர்த்தும் எட்டா? பெட்டி அதையெல்லாம் சொல்லாது. பெட்டிக்குத் தெரியாது.

வாங்க வருகிறவர்களுக்கும் தெரியாது. திருப்பதியில் இந்தக் கடையில் பத்தொன்பது வருடம் நின்றேன். முட்டி போனதால் சென்ற மாதம் வேலையிலிருந்து இறங்கிவிட்டேன். அத்தனை வருடமும் கேட்ட கேள்விகளை வரிசையாக நிறுத்தினால் மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் நிற்கும். "மூளை வளர்ற மாதிரி ஒண்ணு குடுங்க." மூளை என்ன முருங்கையா? "இத ஆடுனா மேத்ஸ்ல மார்க் ஏறுமா?" ஏறாது அம்மா, இறங்காது, அது பாட்டுக்கு இருக்கும். "பையன் போனையே பாக்கறான், அத மறக்கற மாதிரி எதுனா" என்று கேட்கிறவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் கட்டைவிரல் அவருடைய போனில் ஓடிக்கொண்டிருக்கும். மலைக்குப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் உண்மை பேசுவார்கள். போனை ஒப்படைத்துவிட்டு, தரிசனத்துக்கு அடைத்து வைக்கும் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார வேண்டும், இரண்டு பிள்ளைகள், ஒன்று கடிக்கும், ஒன்று ஓடும், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கடிக்கிற பிள்ளை இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னார் இன்னாரோடு பேசுவதில்லை, அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான். பத்தொன்பது வருடத்தில் ஒருத்திதான் கேட்டாள். அவளுக்கு நான் தப்பான பதில் சொன்னேன்.

அவள் பெயர் செல்வி. முப்பதுகூட இருக்காது. சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்து கவுண்டரில் கை வைத்தாள்.

"அக்கா, வீட்ல ஒரு பொண்ணு கீது. பன்னெண்டு வயசு. என்னாண்ட பேசாது. பேச வெக்கிற மாதிரி எதுனா கேம் கீதா?"

"உன் பொண்ணா?"

"அவரு பொண்ணு."

அந்த இரண்டு சொல்லில் பாதிக் கதை வந்துவிட்டது. மீதியை அவளே சொன்னாள், பின்னால் நிற்கிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள். கணவனுக்கு நாகலாபுரம் பக்கம் கிராமம். திருப்பதியில் வாடகை வீடு எடுத்து, மலைக்கு வேன் ஓட்டுகிறான். முதல் மனைவி இறந்து மூன்று வருடம். இவளைக் கட்டி எட்டு மாதம். பெண்ணின் பெயர் ஹேமா.

"அதுவும் தமிழுதான் அக்கா. அவங்க நைனாவாண்ட தமிழ்லதான் பேசும். என்னப் பாத்தா மட்டும் தெலுங்கு. எனக்கு தெலுங்கு ஒரு எழவும் தெரியாது. பால் வேணுமான்னு கேட்டா ஏதோ சொல்து. வேணும்னு சொல்தா, வேணாம்னு சொல்தா? டம்ளர கையில வெச்சிக்கினு நிக்கிறேன்."

"உங்க வீட்டுக்காரர் சொல்லக்கூடாதா?"

"அவரு டிவி பாப்பாரு."

விஷயம் அத்துடன் நிற்கவில்லை. இறந்துபோனவளின் அண்ணன் திருத்தணியில் இருக்கிறான். பரீட்சை முடிந்ததும் பெண்ணை அனுப்பிவிடுங்கள், இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வேன்காரன் வழக்கம்போல, பெண் இஷ்டம் என்று சொல்லிவிட்டான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

"போய்ட்டா நாந்தான் தொரத்தனேன்னு ஊரு சொல்லும். சொல்லிக்கினு போவட்டும். ஆனா அவ போய்ட்டா அந்த வூட்ல நா யாரு அக்கா?"

இப்படி ஒருத்தி கேட்கும்போது கையில் இருப்பதையெல்லாம் கீழே வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. பின்னால் ஒருவர் பில்லுக்குக் கத்திக்கொண்டிருந்தார். படங்களைக் கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினேன். இரண்டு பேர் போதும், மொழி வேண்டாம், பத்து நிமிடம். அதோடு என் வசனத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"முதல் மூணு ஆட்டம் விட்டுக்குடு. ஜெயிச்ச ருசி வந்துட்டா அதுவே ஆடக் கூப்புடும்."

இந்த வசனம் என்னுடையதுகூட இல்லை. இங்கே வருவதற்கு முன்னால் சித்தூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் இருந்தேன். அங்கே எல்லோரும் சொல்வார்கள், நானும் பிடித்துக்கொண்டேன். காரணம் பிள்ளைகள்மேல் பிரியம் இல்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்கிற பிள்ளை பெட்டியை எறியும். எறிந்த பெட்டி மூலை நசுங்கிக் கடைக்குத் திரும்பி வரும். அதைத் தவிர்க்க ஒரு வசனம். இதை நம்பி இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை அப்பாக்கள் வேண்டுமென்றே முட்டாளாகியிருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் தங்கள் அப்பாவை முட்டாள் என்று நம்பி வளர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமில்லை. அடுத்த பில்லைப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, வெயில் ரோட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்தப் பெட்டி என் கவுண்டரில் டப்பென்று விழுந்தது. எதிரே செல்வி. வாசலில், கடைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையுடன் ஒரு பெண். முதுகில் புடைத்த பள்ளிப் பை. காலடியில் ஒரு துணிப்பை.

"திருத்தணி பஸ் ஏத்தப் போறேன். போற வழியில உங்கள நாலு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளு."

"நீங்க சொன்ன மாதிரியேதான தோத்தேன்?"

"எத்தனை ஆட்டம்?"

"பதினொண்ணு."

"மூணுன்னுதானே சொன்னேன்!"

"மூணு தோத்தும் பேசல. சரி, இன்னும் தோக்கணும் போலன்னு தோத்தேன். பதினொண்ணாவது ஆட்டத்துல அட்டைய கீழ வெச்சிட்டு அவங்க நைனாவாண்ட தெலுங்குல என்னமோ சொல்லிச்சி. ஒம்போது மாசமா அது சொல்றதுல ஒரு வார்த்தகூட எனக்கு தமிழ்ல சொல்லாத மனுசன், அத மட்டும் சுத்தமா எத்துச் சொன்னாரு."

"என்ன சொன்னா?"

"அவங்க பொய்யா தோக்கறாங்க, எனக்கு லஞ்சம் வேணாம்னு."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மூன்றைப் பதினொன்றாக்கிய இவள்மேலா, டிவிக்காரன்மேலா, வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டிருந்த அந்தச் சடைகள்மேலா? எல்லார்மேலும் பட்டுப் பார்த்தேன். கடைசியில் சுற்றி வந்து என்மேல்தான் நின்றது. அந்தப் பெண் சொன்னது சரி. அது லஞ்சம்தான். கொடுக்கச் சொன்னவள் நான்.

இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து, மூழ்கும் கப்பலைக் காப்பாற்றும் விளையாட்டு ஒன்று மூன்றாவது தட்டில் இருக்கிறதே, மேலே நான்கு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் பெட்டி, அதை மாற்றிக் கொடுத்து அனுப்புவீர்கள். என் கையும் அதற்குத்தான் போனது. பாதி வழியில் நின்றது. ஜோடி அட்டையில் லஞ்சத்தை மோப்பம் பிடித்தவள், இந்தச் சிரிப்பைப் பார்த்தால் வாசலிலேயே வாந்தி எடுப்பாள்.

கீழ்த் தட்டில், பார்ப்பதற்காகப் பிரித்து வைத்திருந்த வேறொரு பெட்டியை எடுத்தேன். சண்டைக்கார வீடு என்று தெரிந்தால் அதுவரை நான் கண்ணிலேயே காட்டாத பெட்டி. கட்டம் போட்ட ஒரு பலகை. ஆளுக்கு ஒரு காய். நம் காயை எதிராளியின் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆளுக்குப் பத்து மரத் துண்டுகள், ஒருவருக்கு நீலம், ஒருவருக்கு மஞ்சள். அவை சுவர்கள். நம் முறை வரும்போது காயை நகர்த்தலாம், அல்லது எதிராளி போகும் வழியில் ஒரு சுவரை வைக்கலாம். முழுக்க அடைத்துவிட மட்டும் கூடாது. எவ்வளவு சுற்றிப் போவதாக இருந்தாலும் ஒரு வழி விட்டே ஆக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"ஹேமா, இங்க வா."

"நாக்கு பஸ்ஸுந்தி" என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடி. பஸ் இருக்கிறதாம்.

"அரை மணிக்கு ஒரு பஸ் இருக்குது. எனக்கும் தெலுங்கு தெரியும். வா."

வந்தாள். முறைத்துக்கொண்டுதான் வந்தாள். செல்வியிடம் நான் சொன்னேன்: "விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா இந்தக் கடைக்குள்ள கால் வெக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

செல்வி ஸ்ரீ சிட்டியில் என்ன வேலை செய்கிறாள் என்று நான் கேட்டிருக்கவே இல்லை. கடுகளவு பாகங்களை நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, கோணலாக உட்கார்ந்திருப்பதைப் பிடித்து ஒதுக்குகிற வேலையாம். அந்தக் கண் அன்று பலகையின்மேல் விழுந்தது. ஐந்தாறு முறைதான் பார்த்தாள். ஒரு மஞ்சள் சுவர், தள்ளி இன்னொன்று, ஹேமாவின் காய் போன வழியே திரும்பி வந்து, வேறு வழி தேடி, அங்கேயும் முட்டி, நாய்க்குப் பயந்த ஆடு மாதிரி பலகையைச் சுற்றியது. செல்வி தன் காயை நேராக நடத்திக்கொண்டுபோய்க் கரை சேர்த்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன். பஸ் ஏறவிருந்த பெண்ணை நானே தூக்கி உள்ளே உட்காரவைத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஹேமா அழவில்லை. நிமிர்ந்து செல்வியைப் பார்த்தாள். ஒன்பது மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறவளை, அப்போதுதான் வந்து இறங்கியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மள்ளீ" என்றாள். மறுபடியும்.

இரண்டாவது ஆட்டம் நீண்டது. ஹேமாவும் சுவர் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்; வேகவேகமாக வைத்தாள், கோபக்காரர்கள் கதவைச் சாத்துவதுபோல. நடுவில் செல்வி ஒரு சுவரை வைத்ததும் பெண் துள்ளி எழுந்து தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா அக்கா சொல்து?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சொல்லியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. "எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காத" என்றேன்.

பெண் என்னை வெறித்துப் பார்த்தாள். இப்போதுதானே தெலுங்கு தெரியும் என்றாய் என்று அந்தக் கண் கேட்டது. நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். அன்போ மரியாதையோ இல்லாமல் ஒரு வீட்டில் வருடக்கணக்கில் இருந்துவிடலாம். ஆனால் ஏமாற்றினாய் என்று ஒருத்தியைத் திட்ட வேண்டுமென்றால் அவளுக்குப் புரிகிற மொழியில்தான் திட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் திட்டியதற்கு அர்த்தமே இல்லை.

"அரைக் கட்டம் தள்ளி வெச்சிட்ட" என்றாள் ஹேமா, தமிழில். "நா பாத்தேன். ஏமாத்தாத."

செல்விக்கு அது தமிழ் என்று உறைக்கவே இல்லை. அவ்வளவு கோபம். "யாரு ஏமாத்தனது? கண்ணு நொள்ளையா உனக்கு?"

"உனக்குத்தான் நொள்ள! அங்க வெச்சிருந்த, இங்க நவுத்திட்ட!"

"அங்கதான் வெச்சேன், இங்கதான் கீது. அக்காவ கேளு!"

"அக்கா உன் ஆளு!"

கைக்குழந்தையோடு கிலுகிலுப்பை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய முதலாளி வாசலிலேயே நின்றார். "ஏம்மா, இன்னா கலாட்டா இது?"

"வியாபாரம் சார்" என்றேன்.

மூன்றாவது ஆட்டத்தில் ஹேமா ஜெயித்தாள். ஒரே ஓர் அடி முன்னால். செல்வி, "ச்சே!" என்று கவுண்டரில் ஓங்கிக் குத்தினாள், ஸ்டாண்டில் தொங்கிய பலூன் பாக்கெட்டுகள் ஆடின. ஹேமா பலகையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். பதினொரு ஆட்டத்தில் ஒரு தடவையும் அவள் அந்த "ச்சே"யைக் கேட்டிருக்கமாட்டாள். அதை நடிக்க முடியாது.

பெண் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு பஸ் போய்விட்டது, மாமா திருத்தணி பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருப்பார் என்றாள். பள்ளிப் பையிலிருந்து பென்சில் டப்பாவை எடுத்தாள். தன் நீல மரத்துண்டுகள் பத்தையும் எண்ணி அதில் அடுக்கினாள். நீலக் காயையும் போட்டாள். மூடினாள்.

"ஏய், அத எதுக்கு எத்துக்கினு போற?" என்றாள் செல்வி. "அப்பறம் நா எதவெச்சி ஆடறது?"

"அதுக்குத்தான். நா இல்லாதப்ப நீ ப்ராக்டீஸ் பண்ணுவ."

பாதிப் பெட்டியோடு ஒருத்தி, பென்சில் டப்பாவோடு ஒருத்தி. இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனதைப் பார்த்தேன். துணிப்பை செல்வியின் தோளில் இருந்தது. அரைக் கட்டத்தைப் பற்றி இன்னும் கத்திக்கொண்டுதான் போனார்கள். முதலாளியிடம் நான் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

அன்றைக்குப் பிறகு அந்த மூன்று ஆட்ட வசனத்தை நான் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் வழக்கமாக யார் தோற்பது, நிஜமாகத் தோற்பாரா என்று கேட்பேன். பத்தில் ஆறு பேர், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும். ஆனால் நீங்கள் இதையும் வசனமாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. சண்டைக்கார வீட்டுக்குச் சுவர் விளையாட்டு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்வீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? அந்த வெற்றியின் மயக்கத்தில், அடுத்த வாரமே, பேசிக்கொள்ளாத சித்தூர் அண்ணன் தம்பிக்கு அதே பெட்டியைத் தலையில் கட்டினேன். பலகை மூன்று துண்டாகத் திரும்பி வந்தது. அவர்கள் யாருக்கு யார் எதை விட்டுக்கொடுத்துக் கசந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஒரு தடவை கேட்டதால் எல்லாத் தடவையும் கேட்டதாகிவிடாது. எத்தனை முறை இதைச் சொல்லித் தொண்டை வற்றினாலும், கூட்டம் வந்ததும் கை தானாகப் பழைய தட்டுக்குத்தான் போகும். அந்தக் கையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் செல்வி வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள்.

"வந்துட்டாளா?" என்றேன், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல்.

"வராம? வந்து செருப்பகூட கழட்டல, பெட்டிய எடுன்னா. அது கெடக்கட்டும் அக்கா, இப்ப வேற பிரச்சன. ஒரு நீலக் கட்ட காணோம். ஒம்போதுதான் கீது. நாந்தான் ஒளிச்சி வெச்சிட்டேன்னு அவங்க நைனாவாண்ட, பக்கத்து வூட்ல, தண்ணி கேன் போட்றவராண்ட, எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறா. பத்து கட்ட வந்தாத்தான் ஆடுவேன்றா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒற்றைக் கட்டையை யார் விற்கிறார்கள்? ஒன்று தொலைந்தால் ஒன்று கேட்டு வருவது, டைஸ் தொலைந்தால் டைஸ் கேட்டு வருவது, நாங்கள் என்ன உதிரி பாகக் கடையா? "தனியா ஒண்ணு விக்கிறதில்ல. எத்தனை தடவ சொல்றது உங்களுக்கெல்லாம்?"

"விக்க வேணாம்" என்றாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மூடியிருந்த கையைக் கவுண்டரின்மேல் விரித்தாள். உள்ளே அந்த நீலக் கட்டை.

"இத உங்க கடைக் கவர்ல போட்டு பின் அடிச்சிக் குடுங்க. புதுசா வாங்கினு வந்தேன்னு சொல்லிடுறேன்."

நான் கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

"வேற இன்னா பண்றது அக்கா? நாலு நாளா அவளேதான் ஜெயிச்சா. அதான் ஒளிச்சேன்."

சின்னக் கவர் போதுமா என்று கேட்டேன்.

"பெருசா குடுங்க" என்றாள். "அப்பதான் நம்புவா."